பெரம்பலூருக்கு நான் விட்ட ரயில்

போன ஆண்டு ஆடி மாதக் கடைசியில், பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். வாடகையைக் குறைத்துக் கேட்டால் மண்டபக்காரர் கோபப்படாமல் சாவியைக் கொடுத்துவிடுவார். அப்படிக் கிடைத்த மண்டபத்தில் நானும் என் நண்பர் ஒரு பாயும் சேர்ந்து ரயில் கண்காட்சி வைத்தோம். மேசை மேல் ஓடுகிற சின்ன ரயில்கள். பொம்மை ரயில் என்று சொன்னால் பாய்க்குப் பிடிக்காது. "மாதிரி ரயில்னு சொல்லு மாப்ள. பொம்மைன்னா கிலுகிலுப்பைன்னு நெனச்சுக்குவாங்க" என்பார்.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற போர் லாரியில் மத்தியப் பிரதேசம் வரை போயிருக்கிறேன். திருப்பூரில் பனியன் மடித்தேன். அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் மூட்டை தூக்கினேன். ஓர் ஓட்டலில் மாவாட்டினேன். எங்கேயும் நிலையாக உட்காரத் தோன்றாது. கடைசியில் ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் பெட்டி இறக்கும் வேலை கிடைத்தது. அங்கே ஒரு நாள் ஜெர்மனியில் செய்த ரயில் செட் ஒன்று, மூலை நசுங்கி வந்தது. கடையில் வைக்க முடியாது, வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றார் மேனேஜர். அறைக்குக் கொண்டு வந்து, தரையில் தண்டவாளத்தைப் பூட்டி ஓட்டினேன். கூட இருந்தவர்கள் கட்டில் மேல் காலைத் தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். தூக்கம் கெடுகிறது என்று பக்கத்து அறையிலிருந்து சண்டைக்கு வந்தவர்தான் பாய். பெரம்பலூர்ப் பக்கத்து லெப்பைக்குடிக்காட்டுக்காரர். வந்தவர் சண்டையை மறந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஊர் திரும்பும்போது மற்றவர்கள் தங்கமும் சென்ட் பாட்டிலும் கொண்டு வந்தார்கள். நாங்கள் இருவரும் தண்டவாளம் கொண்டு வந்தோம். பெட்டியைத் திறந்து பார்த்த பாயின் வீட்டம்மா இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

இந்தப் பொழுதுபோக்கில் இறங்கினவனுக்குத்தான் இதன் தொல்லை தெரியும். எங்கள் ரயில் எல்லாம் நிஜ அளவில் எண்பத்தேழில் ஒரு பங்கு. ஜெர்மன் எஞ்சின் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் விலையைக் கேட்டால் நமக்குத்தான் சத்தம் வரும். சீனத்து எஞ்சின் விலை பரவாயில்லை, பெட்டியை இழுக்கிற கொக்கி மட்டும் அடிக்கடி கையோடு வந்துவிடும். நம் ஊர் எஞ்சினைப் போலவே செய்து தருகிறவர்கள் இப்போது இந்தியாவில் சிலர் இருக்கிறார்கள். சொல்லிவைத்துவிட்டு, அந்த வேலையையே மறந்துவிட்டால் ஒரு நாள் தபாலில் வரும். அதிலும் ஒரு கோளாறு. கடையில் கிடைக்கும் தண்டவாளம் வெளிநாட்டு அகலம். நம்முடைய அகலப்பாதை எஞ்சினை அதில் நிறுத்தினால், தடித்த ஆள் சின்னப் பிள்ளை சைக்கிளில் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

மனிதர்கள் இன்னும் மோசம். பிளாட்பாரத்தில் நிற்க வைக்கிற குட்டி ஆட்கள் எல்லாம் கோட்டும் தொப்பியுமாக வருவார்கள். ஊசி முனையில் பெயின்ட் தொட்டு ஒவ்வொருவருக்கும் வேட்டி கட்டிவிட வேண்டும். நாயோடு நடக்கிற ஒரு வெள்ளைக்காரம்மாவுக்குச் சேலை கட்டி, நாய்க்குக் கொம்பு ஒட்டி ஆடாக்கினேன். மரம் எல்லாம் பச்சையில் நனைத்த ஸ்பாஞ்சு. தண்டவாளத்துக்கு அடியில் கொட்டுகிற ஜல்லிக்கு மட்டும் பஞ்சமில்லை. அரியலூர்ச் சுண்ணாம்புக் கல்லை இடித்து டீ வடிகட்டியில் சலித்தால் போதும், எந்த நாட்டுக் கம்பெனி ஜல்லியும் கிட்டே நிற்காது.

பெரம்பலூரில் ரயில் கிடையாது. ரயில் ஏற அரியலூர் போக வேண்டும். ரயில் வரப்போகிறது என்று தேர்தலுக்குத் தேர்தல் சொல்வார்கள். நான் என்ன செய்தேன் என்றால், அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு ஒரு தண்டவாளத்தை நானாகவே போட்டேன், இரண்டு பெரிய பிளைவுட் பலகை மேல். வழியில் நான் சுற்றித் திரிந்து பார்த்தவற்றை எல்லாம் வைத்தேன். மக்காச்சோளக் காடு, பருத்திக் காடு, ஓர் ஏரி, அப்புறம் ஒரு கிணறு. கிணற்றோரம் சாய்ந்த பனைமரம், நீலக் கதவு போட்ட மோட்டார் கொட்டகை. போர் லாரியில் இருந்தபோது அந்தக் கொட்டகையில் படுத்திருக்கிறேன். நல்ல காற்று வரும் இடம்.

இரண்டு பலகையும் சேருகிற இடத்தில் ஒரு பிளவு தெரிந்தது. அதை மறைக்க ஏதாவது கட்டிடம் வேண்டும். ஸ்டேஷனை அங்கே வைத்தேன். அதுவும் ஜெர்மன் சரக்குதான், பனி சரிந்து விழ வசதியாகச் செங்குத்தான கூரை. அதை வெட்டித் தட்டையாக்கி, மஞ்சள் பலகையில் மூன்று மொழியிலும் 'பெரம்பலூர்' என்று எழுதி நட்டேன். ஸ்டேஷன் விழுந்த இடம் அந்தக் கிணற்றுக் கொட்டகையை ஒட்டி. வேறு காரணமே கிடையாது, பிளைவுட்டில் பிளவு அங்கே இருந்தது, அவ்வளவுதான்.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று சென்னையிலிருந்து மாதிரி ரயில் சங்கத்துப் பெரியவர் ஒருவர் வருவதாக இருந்தது. வேலை அவருக்குப் பிடித்துவிட்டால் சென்னையில் நடக்கிற பெரிய கண்காட்சியில் ஒரு மேசை தருவார். எனக்கு அந்த மேசை மேல் ஒரே கண்.

முதல் நாள் கூட்டமே இல்லை. மண்டபத்தின் வாட்ச்மேன் மட்டும் பலமுறை பார்த்தார். மறுநாள் காலையில் வாசலில் செருப்பு நிரம்பிக் கிடந்தது. யாரோ அந்த மஞ்சள் பலகையையும் பக்கத்துக் கொட்டகையையும் மட்டும் நெருக்கத்தில் படம் எடுத்து, 'நம்ம ஊருக்கு ரயில், மாதிரி வடிவம் பார்வைக்கு வைப்பு' என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். வந்தவர்கள் யாரும் எஞ்சினைப் பார்க்கவில்லை. எல்லோரும் மேசை மேல் குனிந்து தங்கள் காட்டைத் தேடினார்கள்.

"சார், இது எந்த அளவுல போட்டது?" என்று ஒருவர் கேட்டார்.

என்னை யாரும் அதுவரை சார் என்று கூப்பிட்டதில்லை. குளிர்ந்துபோய், "எண்பத்தேழில் ஒரு பங்கு" என்றேன். அங்கேதான் வினை பிடித்தது. அரையும் காலுமாக இல்லாமல் எண்பத்தேழு என்று சொன்னால் அது சர்க்கார் கணக்காகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அளக்கிற டேப் வந்தது. இந்தக் கணக்குப்படி அரியலூரை வைத்தால் அது மண்டபத்தைத் தாண்டிப் பல தெரு தள்ளிப் போய்விடும், இது வெறும் விளையாட்டு என்று சொல்லிப் பார்த்தேன். "சுருக்கிப் போட்டிருக்கீங்க. பிளான்னா அப்படித்தான் போடுவாங்க" என்று எனக்கே விளக்கினார்கள். ஒருவர் டீ வாங்கிக் கொடுத்தார். இன்னொருவர் மகனுக்கு ரயில்வேயில் ஏதாவது பார்த்துப் போடச் சொன்னார்.

மத்தியானம் ஓர் அக்கா வந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். வெங்காயக் காட்டிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், புடவையில் சருகு ஒட்டியிருந்தது.

"இதை வச்சது யாரு?"

"நான்தாங்க்கா."

"யாரைக் கேட்டு என் கெணத்து மேல டேசனை வச்ச?"

"சும்மா வெளாட்டுக்குத்தாங்க்கா."

"உனக்கு வெளாட்டு. எனக்கு அது வூடு."

விஷயம் இதுதான். புருஷன் இறந்தபின் அக்கா ஒரு சிமெண்ட் ஷீட் வீட்டில் வாடகைக்கு இருக்கிறார். வெயில் காலத்தில் உள்ளே நிற்க முடியாது. அண்ணன் ஒருவர், தம்பி ஒருவர். பல வருடம் இழுத்தடித்துவிட்டு, இப்போதுதான் கிணற்று மூலையையும் மோட்டார் கொட்டகையையும் அக்கா ஓர் அறை கட்டிக்கொள்ள எழுதிக் கொடுக்கச் சம்மதித்திருந்தார்கள். ஆடியில் பத்திரம் வேண்டாம், ஆவணி பிறந்ததும் பதிவு என்று பேச்சு. அந்த நேரத்தில் வாட்ஸ்அப்பில் என் ஸ்டேஷன் போயிருக்கிறது. நீலக் கதவையும் சாய்ந்த பனையையும் பார்த்ததும் இரண்டு பேரும் பின்வாங்கிவிட்டார்கள். ஸ்டேஷன் வருகிற இடத்தை யாராவது எழுதிக் கொடுப்பார்களா?

அக்கா சொல்லி முடிப்பதற்குள் அண்ணனும் தம்பியுமே வந்துவிட்டார்கள். அண்ணன் மேசையைச் சுற்றி வந்து, கொட்டகையைத் தொட்டுப் பார்த்தார்.

"கதவு கலர்கூட விடல. ஆளை வுட்டு அளந்திருக்காங்கடா" என்றார் தம்பியிடம்.

"அண்ணே, இது வெளாட்டு ரயிலாம். இதை வச்ச தம்பியே சொல்றான்" என்றார் அக்கா.

"அப்படிச் சொல்லச் சொல்லித்தானே அனுப்பியிருப்பாங்க. தங்கச்சி, உனக்குக் குடுக்க மாட்டேன்னு நான் சொல்லல. ரயில் வரட்டும், பாத்துக்குவோம்."

"ரயில் வர்றதுக்குள்ள நான் போய்ச் சேந்துருவேன்."

அண்ணன் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்தினார். "சார், வெளிய சொல்லக் கூடாதுன்னு உத்தரவு இருக்கும். நீங்க வாயைத் தொறக்க வேணாம். டேசன் அங்கதான்னா, கண்ணை மட்டும் சிமிட்டுங்க."

ஆடிக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நேரம் பார்த்து வாசல் வழியாகச் சுழன்று வந்தது. ஸ்பாஞ்சு மரம் நாலைந்து பறந்தது, தண்டவாளத்துக்கு அடியில் இருந்த சுண்ணாம்புத் தூள் கிளம்பி நேராக என் கண்ணில் விழுந்தது. நான் சிமிட்டினேன். ஒரு தடவை இல்லை, நிறுத்தாமல் சிமிட்டினேன். கண்ணீர் வேறு கொட்டியது.

"புரிஞ்சுதுங்க சார்" என்று என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு அண்ணன் போய்விட்டார். தம்பியும் கும்பிட்டுவிட்டுப் பின்னாலேயே போனார்.

"எதுக்குடா இப்பக் கண்ணடிச்ச?" என்று அக்கா போட்ட சத்தத்தில் மண்டபமே திரும்பிப் பார்த்தது. அக்கா அதோடு விடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு மேசைக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டார். ஸ்டேஷனை எடுக்காமல் எழுந்திருக்கப் போவதில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. சாயங்காலம் கதவைப் பூட்டும்போதுதான் கிளம்பினார். "நாளைக்குக் காலையில வருவேன்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் சீக்கிரமே போய், ஸ்டேஷனைப் பெயர்த்து எடுத்தேன். பிளவு பல்லை இளித்தது. போகட்டும் என்று மக்காச்சோளக் காட்டின் ஓரத்தில் ஸ்டேஷனை வைத்தேன். கதவு திறந்ததும் உள்ளே வந்த முதல் ஆள் அந்தச் சோளக்காட்டுக்குச் சொந்தக்காரர். "நேத்து அங்கதானே இருந்துச்சு? யாரு சொல்லி மாத்துனீங்க?" என்று பிடித்துக்கொண்டார். பருத்திக் காட்டுக்கு மாற்றினேன். அதற்கும் ஓர் ஆள் இருந்தார். அவர் இதற்கு நேர்மாறு, ஸ்டேஷன் தன் காட்டிலேயே இருக்கட்டும், யார் சொன்னாலும் எடுக்காதே என்று குறுக்கே நின்றார். சோளக்காட்டுக்காரர் உடனே மனம் மாறி, அப்படியானால் என் காட்டிலேயே வை என்றார். நான் ஸ்டேஷனைக் கையில் ஏந்திக்கொண்டு மேசையைச் சுற்றி நடந்தேன். எங்கே இறக்கினாலும் அது யாருக்கோ சொந்தமாக இருந்தது.

பாய்தான் வழி சொன்னார். "ஏரியில போடு மாப்ள. ஏரிக்குப் பட்டா வச்சிருக்குறவன் எவனும் நம்ம முன்னாடி வந்து பேச மாட்டான்."

நீலப் பெயின்ட் அடித்து மேலே வார்னிஷ் ஊற்றிய ஏரி. தீக்குச்சிகளைத் தூணாக நட்டு, அதன் நடுவில் ஸ்டேஷனை நிறுத்தினேன். தண்டவாளம் ஒரு பக்கம் போகிறது, ஸ்டேஷன் தண்ணீருக்குள் தனியாக நிற்கிறது. வேட்டி கட்டிய ஜெர்மன்காரர்கள் நாலு பேர் ஏரியைப் பார்த்துக்கொண்டு ரயிலுக்குக் காத்திருக்கிறார்கள். இதைப் பார்த்தபிறகாவது இது விளையாட்டு என்று ஊருக்குப் புரியும் என்று நினைத்தேன்.

கூட்டத்திலிருந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இப்பத்தான்யா நெசமாலுமே கவர்மெண்டு பிளான் மாதிரி இருக்கு" என்றார்.

கூட்டம் முழுக்கத் தலையாட்டியது. அதுவரை சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த ஓரிருவரும் அதோடு நம்பிவிட்டார்கள்.

அண்ணனும் தம்பியும் வந்தபோது அக்கா நாற்காலியில் இருந்தார். அண்ணன் ஏரியைப் பார்த்தார், காலியான கிணற்று ஓரத்தைப் பார்த்தார், முகம் தொங்கிப்போயிற்று. "பெரிய எடத்துல சொல்லி மாத்திப்புட்டானுவடா" என்றார். தம்பி, "போனா போவுதுண்ணே. அந்த மூலையை வச்சு நாம என்ன பண்ணப் போறோம்? பேசினபடி அக்காவுக்கே எழுதிருவோம்" என்றார். அக்கா எழுந்து, "எல்லாரும் கேட்டுக்குங்க! ஆவணி பொறந்ததும் எழுதுறாங்களாம்!" என்று மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னார். அண்ணனுக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. அக்கா என் பக்கத்தில் வந்து, மெதுவாக, "பதிவு முடியற வரைக்கும் அது ஏரியிலயே இருக்கணும், சொல்லிட்டேன்" என்றார்.

அந்த நேரம் பார்த்துச் சென்னைப் பெரியவர் உள்ளே வந்தார். கையில் உருப்பெருக்கிக் கண்ணாடி. நல்ல மனிதர், வேலையை ரசிக்கத் தெரிந்தவர். எஞ்சினைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், ஆடாக மாறிய நாயைப் பார்த்துச் சிரித்தார். சுண்ணாம்பு ஜல்லியை விரலால் தொட்டு, "எந்தக் கம்பெனிப்பா?" என்று கேட்டார். என் மனம் அப்போதே சென்னையில் மேசை போட்டுவிட்டது. அப்புறம் அவர் ஏரிக்கு வந்தார்.

"தண்ணிக்குள்ளே எதுக்குப்பா ஸ்டேஷன்?"

அவர் கிணற்றோரம் போனார். "இங்கே ஜாயின்ட் வேற தெரியுதே. ஓ, ஸ்டேஷன் இங்கேதானே இருந்தது? பசை அடையாளம் இருக்கு. எடுத்து இங்கேயே வை. நான் இப்பவே உன்னைச் சேர்த்துக்கறேன்."

வாசல்வரை போன அண்ணன் நின்றுவிட்டார். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு திரும்பி வந்தார். "அய்யா எங்க வைக்கச் சொல்றாரு?" என்றார். சென்னையிலிருந்து காரில் வந்து, கண்ணாடி வைத்துப் பார்க்கிறவர் சொன்னால் அதுதானே கடைசி உத்தரவு.

அக்கா என்னைப் பார்த்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்த மேசை வேண்டும். இத்தனை ஊர் சுற்றியதில், என் கையால் செய்ததை நாலு பேர் காசு கொடுத்துப் பார்க்கிற இடத்துக்கு ஒரு தடவையாவது போய்விட வேண்டும் என்றிருந்தது. ஸ்டேஷனைத் தூக்கி வைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

"இல்லீங்க சார். ஸ்டேஷன் ஏரியிலதான் வரும்" என்றேன்.

"வரும்னா?"

"அப்படித்தான் முடிவாயிருக்கு."

"முடிவு பண்ணினது யாரு?"

அக்கா பக்கம் பார்த்தேன். "பெரிய எடம்ங்க சார்."

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். சென்னைப் பெரியவர் என்னையும் ஏரியையும் மாறி மாறிப் பார்த்தார். வெயிலில் வேலை பார்த்து எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார். "மரமெல்லாம் நல்லா பண்ணியிருக்கே" என்று தோளைத் தட்டிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். அண்ணனும் திருப்தியாகக் கிளம்பினார். பாய் பறந்து கிடந்த மரங்களைப் பொறுக்கி மேசை மேல் குத்தினார். பிறகு, "ஷார்ஜாவுலேர்ந்து முதுகுல சொமந்துக்கிட்டு வந்தது ஏரியில போடவா மாப்ள?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

ஆவணியில் ஒரு நாள் அக்கா போன் செய்தார். "தம்பி, பதிவு முடிஞ்சுது. இனிமே டேசனை எங்க வேணா வச்சுக்க." அதோடு போனை வைத்துவிட்டார். நான் ஓசூர்ப் பக்கம் ஒரு வேலைக்குக் கிளம்ப இருந்த சமயத்தில் பால் காய்ச்சுவதற்குக் கூப்பிட்டார். போனேன். மோட்டார் கொட்டகையை ஒட்டி ஒரே ஓர் அறை, வெள்ளையடித்த வாசனை இன்னும் போகவில்லை. அடுப்பு கிழக்குப் பார்த்து எரிந்தது. கிணற்றுக் காற்று நான் படுத்திருந்த நாளில் வந்த மாதிரியே வந்தது. சாப்பிட்டுக் கை கழுவும்போது அண்ணன் பக்கத்தில் வந்து நின்று, "சார், அந்த ஏரி பிளான் இப்ப எந்த அளவுல இருக்கு?" என்று கேட்டார். "மேல போயிருக்குங்க" என்று சொல்லிவிட்டு இன்னொரு டம்ளர் பால் வாங்கிக் குடித்தேன்.

சென்னை மேசை இன்னும் கிடைக்கவில்லை. ஆனாலும், வெறும் பலகை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த இடத்தில் ஒருத்தர் குடியேறக் காத்துக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால், இப்போதெல்லாம் எந்த ஊரில் எதைக் கொண்டுபோய் வைத்தாலும் வைக்குமுன் ஒரு தடவை சுற்றிலும் பார்த்துக்கொள்கிறேன்.